முப்பத்தேழாம் நம்பர் கால்

ஆம்பூர்,
சனிக்கிழமை காலை.

அன்பு மகள் தமிழினிக்கு நைனா எழுதுவது.

மூன்று வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன், அது போதும். இங்கே நானும் உன் அம்மாவும் நலம், எங்களோடு கூடத்தில் குடியிருக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு ஜோடி ஷூவும் நலம். அங்கே குர்காவனில் நீயும் உன் கம்பெனியும் நலமாயிருக்க வேண்டுமென்று விரிஞ்சிபுரத்து ஈசுவரனைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ ஒரு நிமிஷம் நைனா என்கிறாய், அந்த ஒரு நிமிஷம் போன தீபாவளிக்கு ஆரம்பித்தது, இன்னும் முடியவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதலாம் என்றால் அங்கே உன் மாமன் கோபி காலை ஐந்து மணிக்கே சூரியன் உதிக்கிற படத்தின்மேல் வெற்றியின் ரகசியத்தை எழுதி அனுப்பிவிட்டு மற்றவர்கள் கைதட்டுவதற்காகக் காத்திருக்கிறான். நல்ல வேளையாக நீயே ஒரு ஸ்பீடு போஸ்ட் உறை அனுப்பியிருக்கிறாய். உள்ளே ஒரு வெள்ளைத் தாள், ஒரு கறுப்பு மைப் பேனா, ஒரு சீட்டு. அந்தத் தாளில் நான் ஐந்து தடவை கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், அதில் பார்க்க லட்சணமாக இருக்கிற ஒன்றை எடுத்து நீ அட்டையில் அச்சடிப்பாய், பண்டிகை விற்பனைக்குப் போகிற நாலாயிரம் ஷூப் பெட்டியிலும் அந்த அட்டை இருக்கும், இருபதாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும். அட்டையில் வரப்போகிற வாசகத்தையும் அனுப்பியிருந்தாய். 'இந்த ஜோடியை என் கண்ணால் பார்த்து, என் கையால் தொட்டு, சரி என்று அனுப்புகிறேன். சுந்தரமூர்த்தி, மூத்த கைவினைஞர்.' உன் அம்மா அதைப் படித்துவிட்டு, யாரு இந்த சுந்தரமூர்த்தி, நம்ம சொந்தமா என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. உன் கம்பெனிக்கு சுந்தரமூர்த்தி அண்ட் டாட்டர் என்று பெயர் வைத்து, அதன் கீழே நிறுவப்பட்டது 1970 என்று போட்டபோதே நான் சொல்லியிருக்க வேண்டும். 1970 நான் பிறந்த வருஷம். அந்த வருஷம் எங்கள் வீட்டில் நிறுவப்பட்டது நான் மட்டும்தான், அதுவும் பெரிய வரவேற்போடு என்று சொல்ல முடியாது, எனக்கு முன்னால் நாலு பேர் இருந்தார்கள். அப்புறம் அந்தப் போட்டோ. உன் கம்பெனிக்கு இங்கே ஷூ செய்வித்து அனுப்புகிற கோபி என் இடுப்பில் ஒரு தோல் ஏப்ரனைக் கட்டி, கையில் ஒரு சுத்தியலைக் கொடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, மாமா கொஞ்சம் சோகமா பாருங்க, அதான் விக்கும் என்றான். சோகத்துக்கு நான் சிரமப்படவில்லை. அந்தச் சுத்தியல் எதிர்வீட்டு மஹ்பூபி தேங்காய் உடைக்க வைத்திருப்பது, இன்றைக்கும் அவள் தேங்காய் உடைக்கும்போதெல்லாம், இது டெல்லி வரைக்கும் ஃபேமஸ் ஆன சுத்தியலு என்று தெருவுக்கே சொல்கிறாள்.

நான் இந்தப் பிறவியில் ஒரு ஷூவும் செய்ததில்லை தமிழினி. இருபத்தாறு வருஷம் மற்றவர்கள் செய்த ஷூவைப் பார்த்து ஆகாது என்று சொன்னவன். வாணியம்பாடியில் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்துவிட்டு ஏற்றுமதி கம்பெனியில் தரப் பரிசோதனைக்குப் போனேன், அங்கே என் வேலை நூறு பேர் சந்தோஷமாகச் செய்து அனுப்புவதை ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கெடுப்பது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒரு குடும்பத்தில் எல்லாரும் பாராட்டுகிறவர்களாக இருந்தால் குடும்பம் உருப்படாது. ஆனால் அதைப் பெட்டிக்குள் அட்டையாகப் போட்டால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது, கதை இல்லாம எதுவும் விக்காது நைனா என்றாய், என்னைக் கைவினைஞன் ஆக்கிவிட்டாய்.

சரி, கூடத்து நிலவரத்துக்கு வருகிறேன். திருப்பி அனுப்புகிற முகவரியாக நம் வீட்டு முகவரியைப் போட்டது யாருடைய யோசனை என்று எனக்குத் தெரியும். ஆம்பூர்னு போட்டா ஒரு கெத்து மாமா என்றான் அவன். அந்தக் கெத்து வாரத்துக்கு மூன்று தடவை ஒரு வேனில் வந்து இறங்குகிறது. உன் அம்மா ஆரம்பத்தில் புலம்பினாள், இப்போது பெட்டிகளை வரிசையாக அடுக்கி அதன்மேல் துணி விரித்து வடகம் காயவைக்கிறாள், சோபாவுக்கு இதுவே தேவலை என்கிறாள், முழங்கால் வலிக்கு உயரம் சரியாக இருக்கிறதாம். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கோபி வந்து, துடைத்தால் புதுசு போல இருக்கிறதையெல்லாம் பொறுக்கியெடுத்து, வேறு பெட்டியில் போட்டு வேறு யாருக்கோ அனுப்பிவிடுகிறான். ஒரு கறுப்பு ஜோடி மூன்று தடவை திரும்பி வந்திருக்கிறது. நாக்பூர், கொச்சி, இந்தூர் மூன்றையும் பார்த்துவிட்டது. நான் திருப்பதிக்கு வடக்கே போனதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், நீ எப்படியும் ஒருநாள் கண்டுபிடிப்பாய். போன ஆடியில் வேனில் வந்த பெட்டிகளில் ஒன்றிரண்டைத் திறந்து பார்த்துவிட்டு, உன் இணையக் கடையில் 'நலம் விரும்பி, விரிஞ்சிபுரம்' என்ற பெயரில் ஒரு நட்சத்திரம் போட்டு, முன்பாதம் பிடிக்கிறது, விரல் மடங்க இடமில்லை, ஷூவுக்கு வடிவம் கொடுக்கிற கால் அச்சை மாற்றுங்கள் என்று எழுதியது நான்தான். நாலு நிமிஷத்தில் பதில் வந்தது. அன்புள்ள நலம் விரும்பி, உங்கள் அனுபவம் எங்களுக்குப் பொக்கிஷம் என்று ஆரம்பித்து, ஒரு சிவப்பு இதயம் போட்டு, அடுத்த முறை வாங்க பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்திருந்தாய். பெற்ற தகப்பனுக்கு இவ்வளவு சீக்கிரம் நீ பதில் எழுதியதே இல்லை, அதனால் கொஞ்சம் மனசு நிறைந்தது, பிறகு அது நீ எழுதியதில்லை, ஏதோ இயந்திரம் எழுதியது என்று கோபி சொன்னான். அச்சை யாரும் மாற்றவில்லை.

போன மாதம் உன் மாமன் என்னை ஒரு கல்யாண மண்டபத்துக்கு அழைத்துப் போனான். இணைய வணிகத்தில் ஜெயித்தவர்கள் தங்கள் பாடங்களைச் சொல்லும் கூட்டம், மதியம் பிரியாணி உண்டு, இரண்டாவது விஷயம் தெரிந்ததால் மண்டபம் நிறைந்திருந்தது. நீ அனுப்பும் வீடியோக்களில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே சட்டை போட்டிருப்பார்களே, அதே சட்டையில் முதலில் ஒரு பையன் ஏறினான். சிறுதானிய பிஸ்கட் விற்கிறானாம். பொருளை விக்காதீங்க, கதையை வித்துப் பழகுங்க என்றான். பிஸ்கட் எப்படி இருக்கும் என்று கடைசிவரை சொல்லவில்லை. அடுத்து வந்தவர், தோற்க வேண்டும், சீக்கிரம் தோற்க வேண்டும் என்றார், தான் மூன்று கம்பெனி தொடங்கி மூன்றையும் மூடிவிட்டதாக மாலை போட்டுக்கொண்டு சொன்னார். எங்கள் காலத்தில் ஒரு கம்பெனியை மூடினவர் பஜார் வழியாக வரமாட்டார், சந்து வழியாகப் போவார். இப்போது மேடை வழியாக வருகிறார்கள். மூன்றாவதாக ஒரு அம்மாள், திருப்பி அனுப்பும் பொத்தானைத் தேடிக் கண்டுபிடிக்க வாடிக்கையாளர் போனில் குறைந்தது ஏழு தட்டு தட்ட வேண்டும், நாலாவது தட்டிலேயே பாதிப் பேர் வெறுத்து விட்டுவிடுவார்கள் என்று திரையில் படம் போட்டுக் காட்டினார். பக்கத்தில் கோபி குறிப்பெடுத்தான். என்ன எழுதுகிறான் என்று எட்டிப் பார்த்தேன், ஏழு என்று எழுதி வட்டம் போட்டிருந்தான்.

கடைசியாக வாணியம்பாடி ரஷீத் அஹமது என்று ஒருவர், நாற்பது வயசிருக்கும், தோல் பெல்ட்டும் பர்ஸும் ஒன்பது வருஷமாக இணையத்தில் விற்கிறார். அவர் பேச ஆரம்பிக்கும்போது பிரியாணி தம் பிரிக்கிற வாசனை வந்துவிட்டது, பாதி மண்டபம் எழுந்து போய்விட்டது. அவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நானும் சீக்கிரம் முடிச்சிட்றேன், எனக்கும் பசிக்குது என்றார். அவர் சொன்னதை எழுதுகிறேன், நீ அனுப்பும் வீடியோக்களில் இது இல்லை. நான் தெனம் பத்து ரிட்டர்ன் ஆளுங்களுக்கு நானே போன் பண்ணுவேன். திட்டுவாங்க. திட்டி முடிக்கிற வரைக்கும் ஹான் ஜி ஹான் ஜின்னுட்டு, அப்பறம் ஒண்ணே ஒண்ணு கேப்பேன், எந்த ஓட்டைல மாட்னீங்க, எங்க பத்தலன்னு. ஆறு மாசம் எழுதி வெச்சுப் பாத்தா, எல்லாரும் கடைசி ஓட்டையத் தாண்டி நிக்கிறாங்க. எவனோ வெளிநாட்டுக்காரன் இடுப்புக்குப் போட்ட அளவ நான் அப்படியே போட்டுட்டு இருந்திருக்கேன். ரெண்டு ஓட்டை ஜாஸ்தி போட்டேன், ரிட்டர்ன் கம்மியாச்சு. ஒன்பது வருஷம் எப்படி நின்னேன்னு கேட்டா, அவ்ளோதான். இதைச் சொல்லிவிட்டு மைக்கைக் கொடுத்துவிட்டார். ஒருவர் எழுந்து, சார் உங்க பிராண்டோட கதை இன்னா என்று கேட்டார். கதை ஒண்ணும் இல்லீங்க, பெல்ட்டு என்றார் அவர். கோபி பேனாவை மூடிவிட்டு, பாவம், வளரத் தெரியாத ஆளு மாமா என்று என் காதில் சொன்னான்.

அன்றைக்குச் சாயங்காலமே வடகத்தை எடுக்கச் சொல்லிவிட்டு இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டியையும் திறக்க ஆரம்பித்தேன். மூன்று நாள் ஆனது. இருபத்தாறு வருஷம் செய்த வேலை, கை தானாகப் போனது. தையல் நன்றாக இருக்கிறது, ஒட்டு நன்றாக இருக்கிறது, தோல் நல்ல தோல், அதில் நான் குறை சொல்லமாட்டேன், சொல்ல ஆசைப்பட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. ஆனால் நூற்று அறுபத்தெட்டு ஜோடியில் சுண்டுவிரல் முட்டியிடம் ஒரே இடத்தில் தோல் பிதுங்கியிருக்கிறது. வாங்கிய பெண்கள் வீட்டுக்குள் நாலடி நடந்து பார்த்திருக்கிறார்கள், அதிலேயே பிதுங்கிவிட்டது. ஒருத்தி உள்ளே ஒரு சீட்டு வைத்திருந்தாள், இங்கிலீஷில், ரொம்ப அழகான ஷூ, மன்னிக்கவும், என் கால் தான் சரியில்லை என்று. தமிழினி, அந்தச் சீட்டை நான் எடுத்து வைத்திருக்கிறேன். பணம் கொடுத்து வாங்கியவள் தன் காலுக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்.

கோபியைக் கூப்பிட்டு, தயாரிப்புக்கு முன்னால் யார் காலில் போட்டுப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். நம்ம ஃபரீதா தான் மாமா, முப்பத்தேழு, ஜெர்மன்காரனே ஒத்துக்கிற காலு, ஓகே சொல்லிட்டா என்றான். நான் பெட்டி மேல் உட்கார்ந்தேன். உனக்கு ஃபரீதா யார் என்று தெரியாது, சொல்கிறேன். எங்கள் கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தவள். பதினெட்டு வருஷத்துக்கு முன் ஒரு இத்தாலிக்காரன் டேப்பை வைத்துக்கொண்டு அறுநூறு பெண்களின் காலை அளந்தான். ஐரோப்பாவில் பெண்கள் ஷூவுக்கு மாதிரி அளவு முப்பத்தேழு, அந்த ஊர்க் கால் மெலிசாக, நீளமாக இருக்கும், அவன் கொண்டுவந்த அச்சுக்கு ஒட்டிக்கொண்டது போலப் பொருந்தியது அறுநூற்றில் ஒரு கால், ஃபரீதாவின் கால். அன்றிலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளர் வந்தால் மைக்கில் ஃபரீதாவைக் கூப்பிடுவார்கள். அவள் மிஷினை நிறுத்திவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு, ஏ.சி. அறைக்குப் போய் நாற்காலியில் உட்காருவாள். சேர்மன் வந்தால் எழுந்திருக்காத வெள்ளைக்காரன் அவள் முன்னால் மண்டிபோட்டு, பெருவிரலை அமுக்கிப் பார்த்து, குட் குட் என்பான். ஊரில் அவளுக்கே முப்பத்தேழு ஃபரீதா என்று பெயர். நம் ஏரியாவில் எந்தக் கம்பெனியிலும் இப்படி ஒருத்தி இருப்பாள், புது ஷூ என்றால் கை தானாக அவளைத் தேடிப் போகும், அது இங்கே எல்லாருக்கும் பழகிப்போன வழக்கம். வெளிநாட்டுக்குச் செய்கிறவரை சரியான வழக்கம்.

உன் ஷூவின் அச்சு ரத்தான ஒரு வெளிநாட்டு ஆர்டரில் மிஞ்சியது, சல்லிசாக வந்தது என்று கோபி வாங்கிப்போட்டது. அந்த அச்சு ஐரோப்பியக் காலுக்காகச் செய்தது. அதைப் போட்டுப் பார்த்தது ஆம்பூரிலேயே இருக்கிற ஒரே ஐரோப்பியக் கால். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துத் தலையாட்டிக்கொண்டன. இந்தூரில் ஒரு பெண் ஆபீஸில் மேசைக்கடியில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று பயந்து உட்கார்ந்திருக்கிறாள்.

நான் ஃபரீதா வீட்டுக்கே போனேன். நம்பாமல் போகவில்லை, அவள் வாயால் கேட்க வேண்டும் என்று போனேன். அவள் சிரித்தாள். எனக்கு எல்லாமே பொருந்தும் சார், என் வேலையே அதான என்றாள். டைட்டா இருக்கான்னு யாரும் கேக்கல சார், நல்லாருக்கான்னு தான் கேட்டாங்க, நல்லாதான் இருந்துச்சு, நல்லாருக்குன்னேன் என்றாள். அவள் மகள் ஃபிர்தௌஸ் அதே முப்பத்தேழை எடுத்துப் போட்டாள், குதிகால் உள்ளே போகவே இல்லை, பெற்ற மகள் கால் அது. பாருங்க சார், எங்க வூட்லயே என் காலு எனக்கு மட்டும்தான் என்றாள் ஃபரீதா. அவளுக்குக் கோபி கொடுத்தது ஒரு ஜோடி ஷூ. அதையும் அவள் போடுவதில்லை, பெட்டியிலேயே வைத்திருக்கிறாள், இத்த போட்டுட்டு நான் எங்க சார் போறது என்கிறாள்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன், பத்துப் பதினைந்து பெண்களின் பாதத்தைத் தாளில் வரைந்து அளவெடுக்க வேண்டும் என்று. நீங்க போய்க் கேட்டீங்கன்னா செருப்பாலயே பதில் வரும், குடுங்க இப்டி என்று பேனாவையும் பிரவுன் தாளையும் வாங்கிக்கொண்டு அவளே கிளம்பினாள். பால் ஊற்றுகிறவள், ரேஷன் கடையில் எடை போடுகிறவள், எல்.ஐ.சி.யில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள், பள்ளிக்கூட டீச்சர்கள், பஸ்ஸில் வேலூர் பாகாயம் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் நர்ஸ் ஒருத்தி, மொத்தம் பதினேழு பேர். மஹ்பூபி காலை நீட்டிக்கொண்டு, என் காலு டெல்லிக்குப் போவுதா, இரு ஜெயம்மா, மருதாணியாவது வெச்சுக்கறேன், சும்மா அனுப்பிச்சா மரியாதையா இருக்காது என்றாளாம். பதினேழில் உன் அச்சுக்குள் அடங்கியது ஒரே ஒரு கால், நர்ஸுடையது, அவளும் நாள் முழுக்க நின்று வந்தால் சாயங்காலம் அடங்காது என்கிறாள். மற்ற எல்லாருக்கும் முன்பாதத்தில் எட்டு மில்லி மீட்டர் முதல் பன்னிரண்டு வரை போதவில்லை. இதற்கு மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, நீ கொடுத்த வீடியோப் பேட்டிகளையெல்லாம் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். எல்லாரும் முகத்தைப் பார்ப்பார்கள், நான் காலைப் பார்த்துப் பழகியவன். ஒரு பேட்டியிலும் நீ உன் ஷூவைப் போட்டிருக்கவில்லை. வேறு கம்பெனியின் ஓட்டப் பயிற்சி ஷூ. உன் கால் என் கால், வாத்துக்கால், உனக்கு எப்படிப் பொருந்தும். உனக்குத் தெரிந்திருக்கிறது தமிழினி. இதைத்தான் என்னால் ஒரு வாரமாக ஜீரணிக்க முடியவில்லை.

கோபியிடம் தாள்களைக் காட்டினேன். புரட்டிப் பார்த்தான். கரெக்டு தான் மாமா, ஆனா இப்ப அச்சு மாத்துனா பண்டிகை சேல் போய்டும், நாலாயிரம் ஜோடிக்குத் தோல் வெட்டியாச்சு, இந்த சீசன் போவட்டும், நீங்க அந்தக் கையெழுத்த மட்டும் போட்டுக் குடுங்க, உங்க அட்டையப் பாத்தா பாதிப் பேரு திருப்பி அனுப்பறதுக்கே யோசிப்பாங்க, பெரியவரு பாத்து அனுப்பிச்சது, நம்ம காலு தான் தப்புன்னு நெனச்சுக்குவாங்க என்றான். என் கையெழுத்து எதற்கு வேண்டியிருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. அந்த அம்மாள் சொன்ன ஏழு தட்டில் நான் எட்டாவது.

உன் மாமனோடு எனக்கு என்ன பகை என்று நீ சின்ன வயதில் கேட்பாய், உன் அம்மா முகத்துக்காகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், அவளும் பக்கத்தில்தான் இருக்கிறாள், சொல்லட்டும் என்கிறாள். 2009இல் குழந்தைகள் மழைக்குப் போடும் பூட்ஸ் ஆறாயிரம் ஜோடி. வளைத்துப் பார்க்கும் சோதனையில் அடிப்பாகம் விட்டுவிட்டது. நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். கப்பல் தேதி நெருங்கிவிட்டது, ஜெனரல் மேனேஜர் என்னை மூன்று தடவை கூப்பிட்டார், நான் மூன்று தடவையும் மாட்டேன் என்றேன். என் கீழே உதவியாளாக இருந்தவன் கோபி, அந்த வேலையை நான்தான் அவனுக்குச் சொல்லி வாங்கிக்கொடுத்தேன். அவன் போய்ப் போட்டுவிட்டான். கன்டெய்னர் கிளம்பிப் போனது. அந்தப் பெட்டிகள் திரும்பி வந்திருந்தால் நான் நல்லவனாகியிருப்பேன். வரவில்லை. ஒரு புகார்கூட வரவில்லை. கோபி மேனேஜர் ஆனான், நான் அதே மேசையில் இன்னும் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன், போகிற வருகிறவன் எல்லாம், இன்னா சார், சோல் ஒட்டிக்கிச்சா என்று கேட்பான். நான் சொன்னது சரி என்பதற்கு இன்றுவரை என்னிடம் ஒரு சாட்சியும் இல்லை. எந்த ஊரிலோ எந்தக் குழந்தையோ நனைந்த காலோடு வீட்டுக்குப் போயிருக்கும், அதன் தாய் ஆம்பூருக்கா கடிதம் போடப்போகிறாள். அதனால்தான் கூடத்திலிருக்கும் உன் பெட்டிகள்மேல் எனக்கு ஒரு மரியாதை. முதல் தடவையாகப் பெட்டிகள் திரும்பி வருகின்றன. இத்தனை பேர் சிரமப்பட்டு, ஏழு தட்டு தட்டி, நமக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். நீ அதை வாங்கிப் பார்க்காமல் என் வீட்டில் இறக்கிவைத்திருக்கிறாய்.

ஆகையால் கேள். நீ கேட்ட ஐந்து கையெழுத்து வராது. அந்த வெள்ளைத் தாளில்தான் இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன், வீணாக்க மனசில்லை. அதற்குப் பதிலாகப் பதினேழு பாதங்களை இந்த உறையில் வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றிலும் பெயரும் வேலையும் எத்தனை மணி நேரம் நிற்கிறார்கள் என்பதும் உன் அம்மா கையால் எழுதியிருக்கிறது, மஹ்பூபியின் தாளில் மருதாணிக் கறை இருக்கும், அது அளவில் சேராது. வெட்டிய தோலை வீணாக்க வேண்டாம், விளிம்பில் ஆறு மில்லி மீட்டர் விட்டுத்தான் வெட்டியிருக்கிறார்கள், நான் போய்ப் பார்த்தேன், அகலமான அச்சுக்கு ஒரு அளவு கீழே இறக்கி அதையே பயன்படுத்தலாம், நாற்பதுக்கு வெட்டியது முப்பத்தொன்பதுக்கு ஆகும். எப்படி என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். எல்லாம் தேறாது, நாலாயிரம் இரண்டாயிரத்து எண்ணூறு ஆகும், தீபாவளிக்குப் பதில் பொங்கலுக்கு வரும். தாங்கமாட்டாய் என்றால் இப்போதே சொல்லிவிடு, கடையில் சரக்கு இல்லை என்று போடு. இல்லை என்று சொல்வதில் அவமானம் இல்லை, நான் அதைச் சொல்லியே உன்னைப் படிக்கவைத்தேன். அந்த மூன்று ஊர் சுற்றிய கறுப்பு ஜோடியை இனி யாருக்கும் அனுப்பக்கூடாது, அதை நான் பூட்டி வைத்துவிட்டேன், சாவி என்னிடம் இருக்கிறது. புது அச்சில் முதல் ஜோடி வந்ததும் முப்பத்தேழு ஃபரீதாவைக் கூப்பிடாதே, ஃபிர்தௌஸைக் கூப்பிடு, நல்லாருக்கா என்று கேட்காதே, எங்கே வலிக்கிறது என்று கேள். பிறகு நீ போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்க ஆபீஸில் நில். அதற்கப்புறம் நீ அட்டை அச்சடிக்கலாம், அதில் உன் கையெழுத்தைப் போடு, உன் கம்பெனிதானே.

இருபதாம் தேதி கையெழுத்து இல்லாமல் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் என் பழைய கையெழுத்து எத்தனையோ இருக்கும், பள்ளிக்கூட மார்க் அட்டையிலிருந்து கல்லூரிக் கடன் பத்திரம் வரை. எதையாவது எடுத்து அச்சடித்தால் உன்னைத் தடுக்க இங்கேயிருந்து என்னால் முடியாது. நீ அப்படிச் செய்யமாட்டாய் என்று உன் அம்மா சொல்கிறாள். பார்க்கலாம் என்றேன் நான்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. அந்த ஊர்க் குளிருக்குக் காலில் சாக்ஸ் இல்லாமல் தரையில் நடக்காதே, உனக்கு உடனே சளி பிடிக்கும். பொங்கலுக்கு வருவதானால் இப்போதே ரயிலில் பதிவு செய், கூடத்தில் படுக்க இடம் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். நீ நல்லபடியாக நீண்ட நாள் வாழ வேண்டும், உன் கடை உன் காலுக்கு அடங்கி நடக்க வேண்டும், எதிலும் தலை குனியாமல் இருக்க வேண்டும் என்று நானும் உன் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம். மறக்காமல் அந்த 'நிறுவப்பட்டது 1970' என்பதை எடுத்துவிடு.

வழக்கப்படி இதற்குக் கீழே என் பெயரை எழுத வேண்டும். எழுதப் போனேன், உன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். இதையும் உன் ஆபீஸில் எவனாவது ஸ்கேன் பண்ணிக்குவான் என்கிறாள். இவ்வளவு திட்டியது யார் என்று உனக்குத் தெரியாமல் போகாது. கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.